வெயில் பட்டா காஞ்சுடும்

அந்த அம்மாவைப் போல இனிமையாகப் பேசுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவரைத் திட்டின அளவுக்கு வேறு யாரையும் திட்டினதும் இல்லை. வாய்விட்டு அல்ல. சைக்கிள் மிதிக்கும்போது, சாரத்தில் நின்று சுவர் சுரண்டும்போது, மனசுக்குள்ளேதான் திட்டுவேன். எதிரில் நின்றால் வராது. "வாப்பா, வெயில்ல வந்திருக்கியே, முதல்ல உட்காரு" என்று சொல்லுகிறவரை என்னவென்று திட்டுவது? அவர் கத்துகிற ஆளாக இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு கத்து கத்திவிட்டு வந்திருப்பேன். வயிற்றெரிச்சல் அன்றைக்கே ஆறியிருக்கும்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பி.ஏ. படித்தவர். வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பார். தொடர்கதையில் அந்த வாரம் நடந்ததை, சுவர் கொத்துகிற என்னிடம் அறை வாசலில் நின்று சொல்லுவார். "அப்பால இன்னாச்சும்மா?" என்று நான் கேட்டுவிட்டால் போதும், முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். போகும்போதெல்லாம் விசாரிப்பார். "வாந்தி நின்னுதா? நார்த்தங்காய் ஊறுகாய் தரேன், எடுத்துண்டு போ" என்பார். ஒரு நாள் வாழையிலையில் புளியோதரை கட்டிக் கொடுத்து, "இது உனக்கில்லை, அவளுக்கு. வழியில பிரிச்சு நீ சாப்பிட்டுடாதே" என்று சிரித்தார். என் கூடப்பிறந்த அக்காகூட அவளை அப்படி விசாரித்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த அம்மாவின் கையில் எந்நேரமும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். கீரைக்காரி கூடை இறக்கிவிட்டுப் போனால் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் படியேறி இறங்கினால் படியில் ஊற்றுவார். முணுமுணுப்பு கிடையாது, முகச்சுளிப்பு கிடையாது. செடிக்கு ஊற்றுகிற மாதிரிப் பதமாக ஊற்றுவார். தீட்டு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்து நான் கேட்டதில்லை. "இன்னாம்மா, தரையெல்லாம் ஈரமா கீதே" என்றால், "வெயில் பட்டா காஞ்சுடும்பா" என்பார். எதற்கும் அந்தப் பதில்தான்.

1991. மே மாதம் எங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்ததே, அதற்கப்புறம் வந்த மழைக்காலம். நான் ஒரகடம் பக்கத்துக் காலனிக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மறைமலை நகரில் கம்பெனிக் கட்டடங்களுக்கு ஓதம் தடுக்கிற வேலை எடுத்த கான்ட்ராக்டரிடம் சில வருஷம் இருந்துவிட்டு, அப்போதுதான் தனியாக இறங்கியிருந்தேன். சுவரில் ஓதம் ஏன் ஏறுகிறது, பூஞ்சை எதனால் பூக்கிறது என்று பார்ப்பேன். கெட்டுப்போன பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லை நன்றாகக் காயவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துப் புதுசாகப் பூசிக் கொடுப்பேன். பெயிண்ட் அடிக்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்த வேலைக்கு நான் ஒருத்தன்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தலைக்கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்த குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளத்துக்குப் போனவர். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. ஸ்ரீபெரும்புதூரில் கோயிலை ஒட்டின தெருவில் பழைய ஓட்டு வீடு. "குழந்தை படுத்துக்கிற ரூம்ல சுவரெல்லாம் கறுப்பாப் பூத்திருக்குப்பா. பொழுது சாஞ்சா அவளுக்கு மூச்சு இழுக்கறது. மருந்து கிடக்கட்டும், முதல்ல அந்தச் சுவரைப் பாருங்கோன்னுட்டார் டாக்டர்" என்றார். ஒரே பெண். ஏழு வயது. கோயில் கோயிலாகப் போய்ப் பிறந்தவள்.

சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், கிணற்றடியைத் தாண்டி அந்த அறைக்குள் நுழைந்தேன். நனைந்த கோணியைச் சுருட்டி மூலையில் போட்டு வைத்தால் ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியது. கட்டிலை ஒட்டின சுவரில் என் மார்பு உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. விரலால் தடவினால் மை மாதிரி ஒட்டிக்கொண்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பூஜை அறை. பெருமாள் உள் என்பார்கள். அந்த அம்மா விடிந்ததும் அதைக் குடம் குடமாக ஊற்றி அலம்பிவிடுவார் என்று கேட்டதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அம்மா, அந்தத் தண்ணிதான் செவுத்துல ஏறுது. ஈரத் துணியால தொடச்சிடுங்கம்மா. ஊத்தாதீங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு, "குழந்தைக்காகத்தானே? சரிப்பா, இனிமே துடைச்சுடறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். அதையும் சொல்ல வேண்டும். அடுத்த நாளிலிருந்து பெருமாள் உள்ளில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்று நான் கேள்விப்படவில்லை. அவ்வளவு வருஷத்து வழக்கத்தை மகளுக்காக ஒரே பேச்சில் விட்டார். ஆகா, இப்படி ஒரு தாயா என்று நினைத்துக்கொண்டேன்.

கறுத்த பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தேன். செங்கல் தெரிந்தது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன், கட்டிலை நகர்த்தச் சொன்னேன், கரி அடுப்புக் கொண்டுவந்து அறையில் வைத்தேன். இனி சுவர் காய வேண்டும். காயாத சுவரில் என்ன மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கிற ஈரம் அதைத் தள்ளிவிட்டு மறுபடி பூக்கும். அதனால் அடிக்கடி வந்து தொட்டுப் பார்ப்பேன். உள்ளங்கையை மேலே ஒரு இடம், நடுவில் ஒரு இடம், தரையோரம் ஒரு இடம் என்று அழுத்தி வைத்தால் காய்ந்ததா இல்லையா என்று கையே சொல்லிவிடும். என் கான்ட்ராக்டர் அப்படித்தான் பழக்கினார்.

அந்தச் சுவர் காயவே இல்லை.

கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் போகிற கால்வாய் ஒழுகுகிறது என்று அதை உடைத்துப் புதுசாகக் கட்டினேன். சுவர் காயவில்லை. ஓட்டில்தான் கோளாறு என்று மழைத் தூறலில் கூரைமேல் ஏறி ஓடு மாற்றினேன். காயவில்லை. செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பிவிட்டால் இந்தப் பக்கம் பூமியே ஓதமாகத்தான் இருக்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் அதையும் நம்பத் தயாராக இருந்தேன். இத்தனைக்கும் சுவர் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஓதம் என்றால் கீழேயிருந்து மேலே ஏறும். இதிலோ மேலே ஆரம்பித்துக் கீழே கோடு கோடாக வழிந்திருந்தது. இத்தனையும் என் கண்ணில் பட்டது. புத்தியில்தான் ஏறவில்லை. அதற்குள் தெருவில், ஒரகடத்து ஆள் நல்ல சுவரைக் கொத்திக் கெடுத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வேலை கேட்டிருந்த ரெண்டு வீட்டுக்காரர்கள் அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார்கள்.

அந்த அம்மா கொடுக்கிற காபி மட்டும் நிற்கவில்லை. கொல்லை மாடத்தில் எனக்கென்று ஒரு டம்ளர் இருந்தது. நான் குடித்துக் கழுவிக் கவிழ்த்தால், அதன் மேல் தண்ணீர் விட்டுத்தான் அந்த அம்மா எடுப்பார். இதெல்லாம் எனக்குப் புதுசா என்ன? அந்தத் தெருவில் வேலைக்குப் போகிறவன் டம்ளருக்கெல்லாம் ரோஷப்பட்டால் அடுப்பு எரியாது. எல்லாம் டம்ளரோடு சரி என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன்.

அந்தக் குழந்தை என்னைச் சுவர் டாக்டர் என்று கூப்பிடும். மெலிசான உடம்பு, பெரிய கண். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், நான் சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓடி வந்து, "நானும் பார்க்கறேன்" என்று தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தது. "ஐயோ, ஐஸா இருக்கு!" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இதில் யார் செய்தது என்ன தப்பு என்று இன்றைக்கும் யாராவது எனக்குச் சொல்லட்டும்.

அந்த அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். கோபமே இல்லை. "வாடி கண்ணா, வா" என்று தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வெளியே பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, வோணாம்மா. குளிர்ல கொயந்தைக்கு இழுக்கும்மா!"

"ரெண்டே சொம்புப்பா. நன்னாத் துவட்டி விட்டுடறேன்" என்றார். சொல்லிக்கொண்டே ஊற்றினார். குழந்தை 'ஹா' என்று வாயைத் திறந்தபடி நின்றது. அப்புறம் தன் முந்தானையாலேயே தலையைத் துவட்டி, உச்சியில் முத்தம் கொடுத்து, அணைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த அணைப்பில் பொய்யே கிடையாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

மறுநாள் நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. குழந்தையைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிழைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் அங்கிருந்து அதை நேராக மறைமலை நகரில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அது புது மாடி வீடு, பொட்டு ஈரம் கிடையாது. சுவர் காய்ந்த பிறகுதான் பெண்ணை இங்கே அழைத்து வருவேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அந்த அம்மாவைப் பார்க்கச் சகிக்கவில்லை. கதை சொல்லுவது நின்றுவிட்டது. வெறும் கட்டிலில் குழந்தையின் பாவாடைகளை மடித்து வைப்பார், எடுப்பார், மறுபடி மடிப்பார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். என்னைக் கண்டதும், "காஞ்சிருக்கான்னு பாரேன்பா. இன்னிக்காவது காஞ்சிருக்கும்" என்று பின்னாலேயே வருவார். நான் கை வைத்துப் பார்த்து, "இல்லம்மா" என்பேன். கண்ணில் தண்ணீர் கட்டிவிடும். நானும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவேன்.

அப்படி வந்த ஒரு நாள் என் சோற்றுத் தூக்கை அங்கேயே மறந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை போனவன் சைக்கிளைத் திருப்பினேன். சந்துக்குள் நுழைந்து அந்த அறை ஜன்னலைத் தாண்டும்போது சளார் என்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே பார்த்தேன்.

அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியில் சொம்பை முக்கி முக்கிச் சுவரில் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே நான் கை வைத்த இடத்தில் ஒரு சொம்பு. நடுவில் ஒரு சொம்பு. தரையோரம் ஒரு சொம்பு. ஒரு இடம் தப்பவில்லை. வாய் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டேன். "சீக்கிரம் காயணும் பெருமாளே, குழந்தை வரணும். சீக்கிரம் காயணும்."

காய்ந்ததா என்று நான் தொட்டுப் பார்த்தது எத்தனை தடவையோ, அத்தனை தடவையும் அந்தச் சுவர் நனைந்திருக்கிறது. நான் வராமல் இருந்திருந்தால் அது என்றைக்கோ காய்ந்திருக்கும்.

"அம்மா! இன்னாம்மா பண்றீங்க?"

திரும்பினார். திடுக்கிடவில்லை, வெட்கப்படவும் இல்லை. "தூக்கை மறந்துட்டுப் போயிட்டியே. கிணத்தடியில எடுத்து வச்சிருக்கேன் பாரு" என்றார்.

"தூக்கு கெடக்குது வுடுங்கம்மா. செவுத்துல ஏம்மா தண்ணி ஊத்தறீங்க?"

"அந்தப் பக்கம் பெருமாள் இருக்காரோன்னோ."

"நான் தொட்டதுக்கா?"

"உன்னை ஒண்ணும் தப்பா நினைக்கலைப்பா. நீ தங்கமான பிள்ளை. ஒரு கை ஜலம்தானே? வெயில் பட்டா காஞ்சுடும்."

"உள் ரூமுக்கு எங்கம்மா வெயில் வரும்?" என்று கத்தினேன். அந்தத் தெருவில் நான் குரலை உயர்த்தினது அன்றைக்குத்தான். "நீங்க ஊத்தற வரிக்கும் இது காயாது. காயாத வரிக்கும் உங்க கொயந்த வராது. உங்க கையாலயே அத்த வராம பண்றீங்களேம்மா!"

முகம் சுருங்கிப்போயிற்று. "அப்படியெல்லாம் சொல்லாதேப்பா. தண்ணி போய் என்ன பண்ணும்?" என்றார். நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. பத்திரிகைக் கதையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்தப் பெண்ணுக்காக என் எதிரிலேயே அழுதிருப்பார்.

சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் வீட்டுக்காரரைப் பிடித்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும்ப்பா" என்றார்.

"தெரியுமா?"

"கல்யாணம் பண்ணிண்டு வந்தப்ப எங்கம்மா அப்படிப் பழக்கினா. இப்ப நான் சொன்னா சரி சரிங்கறா. அப்புறம் ஊத்தறா. அவளால முடியலை." செருமிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "நீ ஒண்ணு பண்ணேன். கம்பெனியில தண்ணித் தொட்டிக்கெல்லாம் உள்ளே ஏதோ பூசறாளே, அந்த மாதிரி ஸ்ட்ராங்கா ஏதாவது பூசிட முடியாதா? தண்ணி பட்டாலும் தாங்கற மாதிரி?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னத்தைச் சொல்ல! பெண்டாட்டியை நிறுத்த முடியாத மனுஷர் சுவரைத் தொட்டியாக்கச் சொல்கிறார். "அதுக்கு மொதல்ல செவுரு காயணும் சார்" என்றேன். "நான் வந்தா காயாது. இனிமே வர மாட்டேன்."

போகவில்லை. மார்கழி போயிற்று, பொங்கல் போயிற்று. தை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, எங்கள் காலனி முனையில் அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இறங்கி உள்ளே வரவில்லை. வந்தால் அந்த அம்மா அவரையும் குளிக்கச் சொல்லுவார் போலிருக்கிறது.

"சுவர் நன்னாக் காஞ்சுடுத்துன்னு அவ ஒரே அழுகை. குழந்தையும் அம்மா அம்மாங்கறது. எனக்குத் தொட்டுப் பார்க்கத் தெரியலை. நீ பார்த்துக் காஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா, இந்த ஞாயித்துக்கிழமையே அழைச்சிண்டு வந்துடறேன். அங்கே அவளுக்கு ஒரு நாள்கூட இழுக்கலைப்பா. அதான் பயமா இருக்கு" என்றார்.

எனக்கென்ன, அந்த வீட்டுக்குப் போக ஆசையா? என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்தக் குழந்தைக்காகப் போனேன். அவர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

அந்த அம்மா சந்து வாசலிலேயே காத்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். "வாப்பா. ஆம்படையா எப்படி இருக்கா? இது எத்தனாவது மாசம்?" என்று விசாரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். அறையில் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. மேலே சரிகைக் கரை வைத்த ஒரு குட்டிப் பாவாடை. பொங்கலுக்கு வாங்கி வைத்தது, இன்னும் மடிப்புக் கலையவில்லை.

"தொட்டுப் பாருப்பா. நன்னா அழுத்தித் தொட்டுப் பாரு" என்றார்.

தொட்டேன். செங்கல் பொரபொரவென்று இருந்தது. கையில் தூள் ஒட்டியது. மேலே, நடுவில், தரையோரம் எங்கேயும் ஈரம் இல்லை, வாடை இல்லை. அத்தனை நாள் வேலையில் நான் பார்க்க ஆசைப்பட்ட சுவர் அதுதான்.

"காஞ்சிடுச்சும்மா" என்றேன்.

என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார். அந்தத் தெருவில் என்னைக் கைகூப்பினவர் அவர் ஒருத்தர்தான். "நீ நன்னா இருப்பே. உனக்கும் பொண் குழந்தையாப் பிறக்கும் பாரு" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அம்மா, உங்க கால்ல வேணா வுய்ந்து கேக்கறேன். இன்னிக்கு மட்டும் ஊத்தாதீங்கம்மா. கொயந்த மூஞ்சிய நெனச்சுக்குங்க."

"ஊத்தலைப்பா. சத்தியமா ஊத்தலை" என்றார்.

சந்தில் இறங்கி நடந்தேன். அந்த ஜன்னலுக்குக் கீழே வந்ததும் கால் தானாக நின்றது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். கிணற்றடிப் பக்கம் வாளி நகர்ந்தது. கொலுசுச் சத்தம் அறைக்குள் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நின்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். வேண்டாம்மா, வேண்டாம்மா என்று சந்தில் நின்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொம்பு வாளியில் முங்குகிற சத்தம். அப்புறம் சுவரில் தண்ணீர். மேலே ஒன்று. நடுவில் ஒன்று. தரையோரம் ஒன்று.

தெருமுனையில் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் ரெண்டு அடி முன்னால் வந்தார்.

"என்னப்பா? காஞ்சிருக்கா?"

"இல்ல சார்" என்றேன். "ஈரமாத்தான் கீது. கொயந்த அங்கயே இருக்கட்டும்."